நாலு நாள் மருந்து

ஒரு சின்னக் கணக்கு. பக்கத்தில் கால்குலேட்டர் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செல்போனில் இருக்கிறது.

ஒரு நோயாளிக்கு 5,250 மில்லிகிராம் மருந்தை ரத்தத்தில் ஏற்ற வேண்டும். ஒரேயடியாக அல்ல. நாலு நாள், ராப்பகலாக, கொஞ்சம் கொஞ்சமாக. மருந்து கரைசலாக ஒரு பையில் இருக்கிறது. ஒரு மில்லி கரைசலில் 45.57 மில்லிகிராம் மருந்து. பையைக் கைக்கடக்கமான ஒரு பம்ப்பில் மாட்டி, அதில் ஒரே ஒரு எண்ணைத் தட்ட வேண்டும். அப்புறம் பம்ப் பார்த்துக்கொள்ளும். என்ன எண்ணைத் தட்டுவீர்கள்?

5,250-ஐ நாலால் வகுத்தால் 1,312.5. அது ஒரு நாளைய மருந்து. அதை 45.57-ஆல் வகுத்தால் 28.8.

28.8 வந்துவிட்டதா? சபாஷ். வகுத்ததில் தப்பே இல்லை. ஆனால் இந்த எண்ணை பம்ப்பில் தட்டினால் நோயாளி பிழைக்கமாட்டார்.

ஏனென்றால், மணிக்கு எத்தனை மில்லி என்று பம்ப் கேட்டது. நாளைக்கு எத்தனை மில்லி என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். இன்னும் ஒரே ஒரு தடவை, 24-ஆல் வகுத்திருக்க வேண்டும். சரியான விடை 1.2.

பத்தாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கு. இதிலென்ன கம்பசூத்திரம் என்று தோன்றும். ஆனால் இது நான் உட்கார்ந்து யோசித்த கணக்கு இல்லை. 2006-ம் ஆண்டு கனடாவின் எட்மண்டன் நகரில், பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில், அனுபவமுள்ளவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், ரத்தக் குழாயில் எதையாவது ஏற்றலாம் என்று முதலில் துணிந்தவர்களைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

வருடம் 1832. பிரிட்டன் முழுக்கக் காலரா. வங்காளத்தில் 1817-ல் கிளம்பி, ஊர் ஊராகத் தின்றபடி ஐரோப்பா வரை போய்ச் சேர்ந்திருந்த அதே காலரா. டாக்டர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கம்போல ரத்தத்தைக் கீறி வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே உடம்பில் தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடக்கிறவனிடமிருந்து இருக்கிற ரத்தத்தையும் எடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

ஓஷாக்னஸி என்று ஓர் இளைஞர். அயர்லாந்துக்காரர். இருபத்து மூன்று வயதுகூட ஆகாதவர். காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இதில் தண்ணீரும் உப்பும் குறைந்துபோயிருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். (இந்த ஓஷாக்னஸிதான் அடுத்த வருடமே கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் கல்கத்தாவுக்கு வந்து, பிற்பாடு இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவர்.)

அதைப் படித்துவிட்டுக் காரியத்தில் இறங்கியவர், ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் இருந்த டாக்டர் தாமஸ் லேட்டா. அவருக்குக் கிடைத்த முதல் நோயாளி ஒரு வயதான பெண்மணி. எல்லாரும் கைவிட்ட கேஸ். கையில் நரம்பைத் திறந்து, உப்புக் கரைசலை உள்ளே விட ஆரம்பித்தார் லேட்டா. எவ்வளவு விடுவது? யாருக்குத் தெரியும்? சூத்திரம் கிடையாது. அட்டவணை கிடையாது. பம்ப்பாவது ஒன்றாவது. அவர் செய்தது ஒன்றுதான். நோயாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குழிந்த கண் மேலே வருகிறதா, நாடி கைக்குத் தட்டுப்படுகிறதா, சில்லிட்ட உடம்பு சுடுகிறதா என்று பார்த்துப் பார்த்து விட்டார். அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட் போயிருந்தது. நம் கணக்கில் மூன்று லிட்டருக்கு மேல். பிணம் மாதிரிக் கிடந்த அம்மாள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

லேட்டா, மருத்துவமனை டாக்டரின் பொறுப்பில் அவளை ஒப்படைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வாந்தி பேதி. மறுபடி யாரும் கரைசல் ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்துபோனாள். அடுத்தடுத்த நோயாளிகளில் சிலரை லேட்டா பிழைக்க வைத்தார். 1832 ஜூனில் ‘லான்செட்’ பத்திரிகையில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார். அடுத்த வருடமே அவரும் காலமானார். இன்றைக்கு நாம் தெருமுனை கிளினிக்கில்கூட ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்’ என்று உரிமையோடு கேட்கிறோமே, அந்த சமாசாரத்தின் தொடக்கம் இதுதான்.

லேட்டா ஏற்றியது தண்ணீரும் உப்பும். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் உடம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பாட்டிலுக்குள் இருக்கிற சங்கதி மாறிவிட்டது. இதயத்தைத் தட்டி எழுப்புகிற மருந்து, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மருந்து, புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிற மருந்து. இதிலெல்லாம் பிழைக்க வைக்கிற அளவுக்கும் கொல்கிற அளவுக்கும் நடுவில் அதிக இடைவெளி கிடையாது. மாத்திரை என்றால்கூட வாந்தி எடுக்க வைக்கலாம், வயிற்றைக் கழுவலாம். நேராக ரத்தத்தில் போனது போனதுதான். ஆகவே நோயாளியின் முகத்தைப் பார்த்து ஏற்றுவது போதாமல், எண்ணைப் பார்த்து ஏற்றும் காலம் வந்தது. வந்தே தீரவேண்டிய காலம். ஆனால் அதோடு ஒரு புது ஆபத்தும் கூடவே வந்தது.

இப்போது பாஸ்டனுக்குப் போகலாம். 1994 நவம்பர்.

பெட்ஸி லேமன். வயது 39. ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழில் மருத்துவம், ஆரோக்கியம் பற்றிப் பத்தி எழுதியவர். இரண்டு பெண் குழந்தைகள். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்தில் சேர்ந்தார். உலகத்தின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. அவருடைய கணவரே அங்கே விஞ்ஞானி. இதைவிடப் பாதுகாப்பான இடம் ஒரு நோயாளிக்கு வேறென்ன இருக்க முடியும்?

அவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்து சைக்ளோபாஸ்பமைட். இந்த வகை மருந்துகளை உடம்பின் மேற்பரப்பைக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். உயரம், எடை இரண்டையும் வைத்து, இத்தனை சதுர மீட்டர் என்று கண்டுபிடித்து, சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பெருக்க வேண்டும். சிகிச்சைத் திட்டத்தின்படி சதுர மீட்டருக்கு 4,000 மில்லிகிராம், நாலு நாளில்.

நிறுத்தி, கடைசி வரியை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். 4,000 என்பது நாலு நாளைக்கும் சேர்த்தா, ஒவ்வொரு நாளைக்குமா?

சேர்த்துத்தான். அதாவது தினம் 1,000. ஆனால் ஆர்டர் எழுதிய டாக்டர் தினம் 4,000 என்று எடுத்துக்கொண்டார். மற்ற எல்லாக் கணக்கும் சுத்தம். லேமனுக்கு நாலு நாளும் சேர்த்துப் போகவேண்டியது 6,520 மில்லிகிராம். அந்த 6,520 ஒவ்வொரு நாளும் போனது. ஆகமொத்தம் 26,080. நாலு மடங்கு.

டாக்டர் எழுதியதை மருந்தாளுநர்கள் பார்த்தார்கள். நர்ஸ்கள் பார்த்தார்கள். பெருக்கிப் பார்த்தால் சரியாக வருகிறது. வராமல் என்ன செய்யும்? தப்பு பெருக்கலில் இல்லையே. உடம்பு படாத பாடு பட்டபோது, ஏதோ சரியில்லை என்று லேமன் சொல்லிக்கொண்டிருந்தார். கடுமையான மருந்து, அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. டிசம்பர் 3-ம் தேதி இறந்துபோனார். அப்போதும் யாருக்கும் தெரியவில்லை. 1995 பிப்ரவரியில், ஆராய்ச்சிக்காக வழக்கமான புள்ளிவிவரங்களைப் பதிந்துகொண்டிருந்த ஓர் ஊழியரின் கண்ணில்தான் அந்த எண் பட்டது. அதே சமயத்தில் அதே தப்போடு இன்னொரு பெண்ணுக்கும் மருந்து ஏறியிருந்தது அப்போது வெளியே வந்தது. அவருக்கு உயிர் தப்பியது, இதயம் கெட்டுப்போனது.

பி.காம். படித்தவர்களுக்கு இது பழக்கமான சமாசாரம். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் கணக்கெல்லாம் சரி என்று அர்த்தமில்லை என்பது முதல் வருடப் பாடம். ஒரு தொகையைத் தப்பான தலைப்பில் எழுதி, பற்று வரவு இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போட்டுவிட்டால் கூட்டல் அட்டகாசமாக டாலி ஆகும். கணக்கு மட்டும் தப்பாக இருக்கும். ஆடிட்டர் கூட்டலை மட்டும் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போனால் ஏழு ஜென்மத்துக்கும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனிக் கணக்கில் இதனால் பணம் போகும். ஆஸ்பத்திரியில்?

சரி, இன்னொரு ஊர். அமெரிக்காவின் டென்வர். 1996. பிறந்து ஒரு நாள் ஆன குழந்தை. பென்சிலின் ஊசி போட வேண்டும். 1,50,000 யூனிட் என்று ஆர்டர். மருந்தகத்தில் அளவைப் பத்து மடங்காகப் படித்துவிட்டார்கள். 15,00,000 யூனிட் வந்து சேர்ந்தது. ஒரே ஒரு சைபர்.

இந்தக் குறிப்பிட்ட பென்சிலினைச் சதையில்தான் போட வேண்டும். பச்சைக் குழந்தையின் தொடையில் ஒரு தடவைக்கு அரை மில்லிக்கு மேல் ஏற்றக்கூடாது. வந்த மருந்தோ இரண்டரை மில்லி. அப்படியென்றால் ஐந்து ஊசி. ஒரு நாள் குழந்தைக்கு ஐந்து ஊசியா என்று நர்ஸ்களுக்கு மனசு கேட்கவில்லை. ரத்தக் குழாய் வழியாகக் கொடுத்துவிட்டால் குழந்தை வலி தாங்கவேண்டாமே என்று புத்தகங்களைப் புரட்டினார்கள். கொடுக்கலாம் என்று தப்பாகப் புரிந்துகொண்டார்கள். கொடுத்தார்கள். குழந்தை இறந்துவிட்டது.

கவனித்தீர்களா? ‘ஐந்து ஊசியா?’ என்ற கேள்வி அங்கே எழுந்தது. சரியான கேள்வி. ஒரு நாள் குழந்தைக்கு யாராவது ஐந்து ஊசி எழுதுவார்களா, முதலில் அளவைச் சரிபார்ப்போம் என்று அந்தக் கேள்வி வேறு பக்கம் திரும்பியிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும். அது இரக்கத்தின் பக்கம் திரும்பிவிட்டது. மூன்று நர்ஸ்கள் மேல் கிரிமினல் வழக்கு. ஒருவர் மட்டும் விசாரணையைச் சந்தித்தார். இதைத் தடுத்திருக்கக்கூடிய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓட்டைகள் அந்த நடைமுறையில் இருந்தன என்று நிபுணர்கள் பட்டியலே போட்டுக் காட்டினார்கள். 1998 ஜனவரியில் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள்.

இந்த மாதிரி சம்பவங்கள் சேர்ந்து சேர்ந்துதான் 1999-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஓர் அறிக்கை வெளியிட்டது. ‘தவறுவது மனித இயல்பு’ என்கிற பொருளில் தலைப்பு. அதன் தொடக்கத்திலேயே பெட்ஸி லேமன் பெயர் வரும். மருத்துவமனைத் தவறுகளால் அமெரிக்காவில் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அது சொன்னதும் உலகமே அதிர்ந்தது. 2004-ல் அங்குள்ள மருத்துவமனைகளுக்குத் தடைசெய்யப்பட்ட எழுத்துகளின் பட்டியல் ஒன்று வந்தது. யூனிட் என்பதற்குப் பதில் சுருக்கமாக ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற ஓரெழுத்தை எழுதாதே, அவசரத்தில் சைபர் மாதிரித் தெரியும். 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் 50 ஆகும். அரை மில்லிகிராமை வெறும் .5 என்று எழுதாதே, 0.5 என்று எழுது. படிக்கச் சிரிப்பாகக்கூட இருக்கும். எல்.கே.ஜி. பாடம் மாதிரி. ஆனால் இந்த மாதிரி விதிகள் பலவற்றுக்குப் பின்னால் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு படுக்கை இருக்கிறது.

ஆக, 2006-ல் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அப்போதுதான் எட்மண்டன்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த 43 வயதுப் பெண்மணி. மருந்து ஃப்ளூரோயூராசில். அளவு 5,250 மில்லிகிராம். நாலு நாள். ஆம், தொடக்கத்தில் நீங்கள் போட்டீர்களே, அதே கணக்கு.

முதல் நர்ஸ் கணக்குப் போட்டார். 28.8. விதிப்படி இரண்டாவது நர்ஸைக் கூப்பிட்டு சரிபார்க்கச் சொன்னார். அவரும் போட்டார். அவருக்கும் 28.8. பையில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தார்கள். அதிலும் 28.8 அச்சாகியிருந்தது. 24 மணி நேரத்துக்கு 28.8 மில்லி என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் மணிக்கு 1.2 மில்லி என்றும் போட்டிருந்தது. தேடிய எண் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் பக்கத்தில் இருப்பது எங்கே தெரியும்? இரண்டு பேர், ஒரு லேபிள், ஆகமொத்தம் மூன்று சாட்சி. மூன்றும் ஒரே விடை. பம்ப்பில் 28.8 ஏறியது.

நாலு நாளைக்கு வரவேண்டிய பை நாலு மணி நேரத்தில் காலி. அன்றைக்கே தப்பு தெரிந்துவிட்டது. ஆனால் உள்ளே போன மருந்துக்கு முறிவு மருந்து அன்று அவர்கள் கைவசம் இல்லை. மூன்று வாரம் போராடி, ஆகஸ்ட் 22-ம் தேதி அவர் இறந்தார்.

மருத்துவமனை விஷயத்தை அமுக்கவில்லை. வெளியார் அமைப்பு ஒன்றை அழைத்து, ஆணி வேர் வரை தோண்டச் சொன்னது. 2007-ல் அறிக்கையை உலகம் முழுக்கப் படிக்கும்படி வெளியிட்டார்கள். அதில் சொன்ன யோசனைகளில் ஒன்று ரொம்ப எளிமையானது. பம்ப்புக்குத் தேவைப்படாத அந்த 24 மணி நேர எண்ணை லேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இங்கே நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டும் ஏன் சிக்கவில்லை? ஏனென்றால் இரண்டு பேரும் முன்னாலிருந்து பின்னாலேயே போனார்கள். ஒரே பாதையில் இரண்டு பேர் நடந்தால் இரண்டு பேரும் அதே குழியில் விழுவார்கள். விடையிலிருந்து திரும்பி வந்து பார்த்திருந்தால்? பையில் இருப்பது மொத்தமே சுமார் 115 மில்லி. மணிக்கு 28.8 என்றால் எப்போது தீரும்? மனக்கணக்கே போதும். நாலு மணி நேரம். ஆனால் நாலு நாள் வரவேண்டிய பை இது. அந்த நிமிஷமே குட்டு உடைந்திருக்கும். பாஸ்டனிலும் அதேதான். நாலு நாள் முடிவில் ஒரு மனுஷிக்கு 26 கிராமா, இதுவரை யாருக்காவது இவ்வளவு கொடுத்திருக்கிறோமா என்று மொத்தத்தைப் பார்த்து ஒருவர் கேட்டிருந்தால் போதும். லேமன் சாவுக்குப் பிறகு டேனா-ஃபார்பர் செய்ததும் அதைத்தான். உச்சவரம்பு தாண்டினால் தடுத்து நிறுத்துகிற கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது.

நம்மூருக்கு வருவோம். பெரிய ஆஸ்பத்திரிகளின் ஐ.சி.யூ.க்களில் பம்ப் இருக்கிறது. ஆனால் எத்தனையோ சாதாரண வார்டுகளில் இன்றைக்கும் பாட்டில், டியூப், நடுவில் ஒரு பிளாஸ்டிக் சக்கரம்தான். அந்தச் சக்கரத்தைத் திருகித் திருகி, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணுவார் சிஸ்டர். அதற்கும் கணக்கு உண்டு. சாதாரண டிரிப்ஸ் செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி பாட்டில், நாலு மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால்? மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்கு மைக்ரோ செட் போடுவார்கள். அதில் 60 சொட்டு ஒரு மில்லி. 20-ஐ மனசில் வைத்துக்கொண்டு 60 செட்டை மாட்டினாலோ, 60-ஐ வைத்துக்கொண்டு 20-ஐ மாட்டினாலோ கணக்கு மூன்று மடங்கு எகிறும் அல்லது சறுக்கும்.

சிஸ்டர் எண்ணி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போவார். இந்தப் பக்கம் நம்மாள் ஒருத்தர், சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாமே என்று சக்கரத்தை ஒரு திருகு திருகுவார். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பாட்டிலில் பொட்டாசியம் கலந்திருக்கலாம். மெதுவாகப் போனால் மருந்து. வேகமாகப் போனால் இதயத்தை நிறுத்திவிடும். பாட்டிலைப் பார்த்து நமக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாம் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

அப்படியானால் படுக்கைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற நாம் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பல பேர் ஏற்கெனவே செய்துகொண்டும் இருக்கிறோம், காரணம் தெரியாமல். ‘இது எப்ப முடியும் சிஸ்டர்?’

சிஸ்டருக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். நமக்கும் காபி வாங்கப் போகலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம். ஆனால் எட்மண்டனில் 28.8 என்ற எண்ணுக்கு முன்னால் யாருமே கேட்காத கேள்வி இது. பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் என்று சொன்னால், இரண்டு மணி நேரத்தில் பாட்டில் ஏறக்குறையப் பாதியில் இருக்க வேண்டும். முக்கால்வாசி காலியாகியிருந்தால் சக்கரத்தைத் தொடாதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். குழந்தை என்றால் அன்றைய எடையைக் கேட்காமலே சொல்லுங்கள். கணக்கு அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. உடம்பு என்னமோ செய்கிறது என்று நோயாளி சொன்னால், மருந்து அப்படித்தான் இருக்கும் என்று நீங்களாகச் சமாதானம் சொல்லிவிடாதீர்கள். அதையும் போய்ச் சொல்லுங்கள்.

எட்மண்டனில் அன்றைக்கு இல்லாத முறிவு மருந்துக்கு 2015 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. யூரிடின் ட்ரைஅசிடேட் என்று பெயர். ஃப்ளூரோயூராசில் அளவு மீறிப் போய்விட்டால், ஏற்றி முடித்த 96 மணி நேரத்துக்குள் இதைக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். 96 மணி என்றால் எத்தனை நாள் என்று கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்த முறை 24-ஆல் வகுக்க மறக்கவேண்டாம்.